கடைசி ஏற்பு ஊசி எப்போது?

மேற்கு சிட்னியின் மெரிலேண்ட்ஸில் காயத்தோடு மருத்துவரிடம் போகிறவரை இரண்டு கேள்விகள் காத்திருக்கும். காயம் எப்படிப் பட்டது என்பது முதலாவது. கடைசியாக டெட்டனஸ் தடுப்பூசி போட்டது எப்போது என்பது அடுத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், “ஏற்பு ஊசியைக் கேக்கினமோ? அது சின்ன வயசில போட்டது” என்பார். மதுரையிலிருந்து வந்தவர், “டி.டி.தானே, அடிபட்டப்பல்லாம் போட்டிருக்கேன்” என்பார். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மருத்துவருக்கு வேண்டியவை இரண்டு எண்கள்: இதுவரை மொத்தம் எத்தனை ஊசி, கடைசி ஊசி போட்டு எத்தனை ஆண்டு.

அந்த எண்கள் தெரிந்தால் காயத்துக்கான முடிவு ஒரு நிமிடத்தில் எடுக்கப்பட்டுவிடும். தெரியாவிட்டால் ஊசியே போடாதவராகக் கருதி எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டிவரும். ஆகவே இந்த அத்தியாயம் நோயை விளக்குவதோடு, அந்த இரண்டு எண்களைத் தேடி எடுக்கவும் உதவுகிறது.

நோய்க்குத் தமிழில் பல பெயர்கள். இலங்கையில் ஏற்புவலி. தமிழ்நாட்டில் ரணஜன்னி, இசிவு நோய், படித்தவர் வாயில் தனுர்வாதம். தனுசு என்றால் வில். நோய் முற்றியவரின் முதுகு வில்லாக வளைந்து, தலையும் குதிகாலும் மட்டும் படுக்கையைத் தொட நிற்கும் காட்சியை நேரில் கண்டவர்கள் வைத்த பெயர் அது. ரணஜன்னி என்ற பெயரும் கண்கூடானதுதான்: ரணத்திலிருந்து வரும் ஜன்னி. கிருமி என்ற ஒன்றை யாரும் பார்ப்பதற்கு முன்பே காயத்துக்கும் இந்த வலிப்புக்கும் உறவு உண்டு என்பதை நம் முன்னோர் கவனித்திருந்தார்கள்.

இது பழைய காலத்து நோய், ஆஸ்திரேலியா போன்ற நாட்டில் இதற்கு இடமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். 2023இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மூவருக்கு இந்த நோய் வந்தது. அவர்களில் ஒருவர் இறந்தார். மாநிலத்தில் 30 ஆண்டுகளுக்குப் பின் நேர்ந்த முதல் டெட்டனஸ் மரணம் அது. மூவருமே 70 வயதைக் கடந்த பெண்கள். தடுப்பூசியே போடாதவர்கள், அல்லது அண்மையில் ஊக்க ஊசி போட்டுக்கொள்ளாதவர்கள். எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் தோட்டத்தில் கைவைக்கும் எந்த வீட்டிலும் இருக்கக்கூடிய வயது அது, ஆளும் அதேதான்: பாட்டி.

மண்ணில் இருப்பது

கிருமியின் பெயர் குளோஸ்ட்ரிடியம் டெட்டனி. மண்ணிலும் தூசியிலும், மாடு குதிரை முதலிய விலங்குகளின் குடலிலும் சாணத்திலும் வாழ்கிறது. உலகில் இது இல்லாத நாடு கிடையாது. 1884இல் ஜெர்மனியின் ஆர்தர் நிக்கோலயர் தோட்டத்து மண்ணை எடுத்து விலங்குகளுக்குச் செலுத்தியே இந்த நோயை உண்டாக்கிக் காட்டினார். 1889இல் ஜப்பானியரான கிடசாட்டோ ஷிபசாபுரோ கிருமியைத் தனியே பிரித்தெடுத்தார்.

இந்தக் கிருமிக்குக் காற்று ஆகாது. உயிர்வளி படும் இடத்தில் அது வளர்வதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் தன்னைச் சுற்றிக் கெட்டியான ஓடு ஒன்றைக் கட்டிக்கொண்டு வித்தாக உறங்கிவிடும். அந்த வித்து ஆண்டுக்கணக்கில் மண்ணில் கிடக்கும். வெயிலைத் தாங்கும், கொதிநீரைக்கூடச் சிறிது நேரம் தாங்கும். ஆழமான குத்துக்காயத்துக்குள் போய்ச் சேர்ந்தால்தான் அதற்கு விடிவு. அங்கே இரத்த ஓட்டம் குறைவு, நசுங்கிய தசை இருக்கிறது, காற்று எட்டுவதில்லை. வித்து முளைத்து நஞ்சைச் சுரக்கத் தொடங்குகிறது.

துருப்பிடித்த ஆணி என்ற அச்சம் இங்கிருந்து வந்ததுதான். துருவில் எந்த நஞ்சும் இல்லை. துருப்பிடித்த ஆணி நெடுநாள் மண்ணில் கிடந்த ஆணி, அது ஆழமாகக் குத்தும் ஆணி என்பதே விஷயம். பளபளக்கும் புது ஆணி மண்ணில் விழுந்து காலில் ஏறினாலும் ஆபத்து அதேதான். ரோஜா முள், எலுமிச்சை முள், மரச்சிராய், நாய்க்கடி, தீக்காயம், ஆறாத சர்க்கரைப் புண் எல்லாம் வாசல்களே. சில நோயாளிகளிடம் காயம் எங்கே என்றே கண்டுபிடிக்க முடிவதில்லை. அத்தனை சிறிய கீறல், ஒரு வாரத்தில் ஆறி மறைந்திருக்கும்.

மெரிலேண்ட்ஸின் வீடுகளைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தால் இந்த வாசல்கள் எங்கே இருக்கின்றன என்பது தெரியும். பழைய ஃபைப்ரோ வீடுகளை இடித்து இரட்டை வீடுகள் எழும்பும் தெருக்களில் ஆணி துருத்திய பலகைகள் கிடக்கும். பின்வளவில் முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்தவர்கள், களிமண்ணைப் பதப்படுத்த மூட்டை மூட்டையாக மாட்டெரு வாங்கிக் கொட்டுகிறார்கள். கையுறை கடையிலேயே இருந்துவிடுகிறது. எரு வெறுங்கையால் கலக்கப்படுகிறது. ஊரில் பழகிய கை அப்படித்தான் செய்யும். வெறுங்காலோடு வளவில் இறங்குவதும் அதே பழக்கம். பக்கத்திலேயே மேஸ் ஹில்லில் சிட்னி முருகன் கோயில். தேரன்று வெறுங்காலோடு வெளிவீதி வருகிறவருக்குக் காலில் ஏதாவது கிழித்தால், பக்தி என்று பொறுத்துக்கொள்ளாமல் அன்றே கழுவிக் காட்ட வேண்டிய காயம்தான் அதுவும்.

இந்த நோய் ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றாது. இதில் ஓர் ஆறுதலும் ஓர் எச்சரிக்கையும் சேர்ந்தே இருக்கின்றன. நோயாளியைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள யாரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் தட்டம்மை போன்ற நோய்களில் ஊரே ஊசி போட்டிருந்தால் போடாத ஒருவருக்கும் அதன் நிழல் கிடைக்கும். டெட்டனஸில் அந்த நிழல் கிடையாது. மண்ணிலிருந்து வரும் கிருமிக்கு அண்டை வீட்டார் போட்ட ஊசி தடையாகாது. அவரவர் ஊசியே அவரவருக்குக் காவல்.

முல்கோவாலில் விழுந்த இடுக்கி

மண் என்ன செய்யும் என்பதற்கு இந்திய மருத்துவ வரலாற்றில் மறக்கக்கூடாத ஒரு சம்பவம் இருக்கிறது. 1902 அக்டோபர் 30 அன்று பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் பிளேக் தடுப்பூசி முகாம் நடந்தது. மருந்து பம்பாயில் வால்டமர் ஹாஃப்கினின் ஆய்வுக்கூடத்தில் தயாரானது. 107 பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். ஒரு வாரத்துக்குள் அவர்களில் 19 பேருக்குத் தாடை இறுகத் தொடங்கியது. 19 பேரும் இறந்தார்கள். அனைவரும் ஒரே குப்பியிலிருந்து மருந்து பெற்றவர்கள். குப்பியின் எண் 53 என்.

பழி ஹாஃப்கின்மேல் விழுந்தது. அவர் பதவியை இழந்தார். பின்னர் விவரங்களை அலசியபோது வேறொரு காட்சி தெரிந்தது. அந்தக் குப்பியைத் திறந்த உதவியாளரின் கையிலிருந்து இடுக்கி தரையில் விழுந்திருக்கிறது. நெருப்பில் காட்டித் தூய்மை செய்யாமலே அதைக் கொண்டு மூடியை எடுத்திருக்கிறார். குப்பி ஆய்வுக்கூடத்தைவிட்டுக் கிளம்பியபோது அதில் கிருமி இருந்ததற்குச் சான்று இல்லை. ரொனால்டு ராஸ் போன்ற அறிவியலாளர்கள் ஹாஃப்கினுக்காக வாதாடினார்கள். 1907இல்தான் அவர்மேல் இருந்த குற்றச்சாட்டு நீங்கியது. தரையில் பட்ட ஒரு கருவியில் ஒட்டிய மண் எவ்வளவு இருந்திருக்கும்? கண்ணுக்குத் தெரியாத அளவு. அதுவே 19 உயிருக்குப் போதுமானதாக இருந்தது.

தாடையில் தொடங்கும் நோய்

உடலின் ஒவ்வொரு அசைவிலும் ஒரு தசை இழுக்கும், எதிர்த்தசை தளரும். தளரச் சொல்லும் வேலையை முதுகுத்தண்டில் உள்ள சில நரம்பணுக்கள் பார்க்கின்றன. கிளைசின், காபா என்ற இரண்டு வேதிப்பொருள்களைக் கொண்டு அவை வேகத்தடை போடுகின்றன. டெட்டனஸ் நஞ்சு காயத்தருகே உள்ள நரம்பின் நுனியில் ஏறி, நரம்பு வழியாகவே முதுகுத்தண்டுக்குப் பயணம் செய்து, அந்த வேதிப்பொருள்கள் வெளிவராமல் அடைத்துவிடுகிறது. தடை போனபின் எல்லாத் தசைகளும் ஒரே சமயத்தில் முழு வலிவோடு இழுக்கின்றன. எலும்பே முறியும் அளவுக்கு இழுப்பதுண்டு. நினைவு மட்டும் தெளிவாக இருக்கும். நோயாளி எல்லா வலியையும் முழு உணர்வோடு அனுபவிக்கிறார். இந்த நோயின் மிகக் கொடிய பகுதி அதுதான்.

காயம் பட்ட நாளிலிருந்து மூன்று முதல் 21 நாளுக்குள், பெரும்பாலும் எட்டாம் பத்தாம் நாளையொட்டி, முதல் அறிகுறி தெரியும். முகத்து நரம்புகள் குறுகியவை. நஞ்சு அங்கே சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் நோய் பெரும்பாலும் தாடையில் தொடங்குகிறது. சோற்று உருண்டைக்கு வாய் திறக்கவில்லை என்பார். கழுத்து பிடித்துக்கொண்டது, விழுங்க முடியவில்லை என்பார். முகத்தசைகள் இறுகி உதடு பக்கவாட்டில் இழுபட, சிரிப்பது போன்ற தோற்றம் வரும். பிறகு வயிறு பலகையாகும், முதுகு வளையும். கதவு படாரென்று சாத்தினாலும், விளக்கு பளிச்சென்று எரிந்தாலும், யாராவது தொட்டாலும் இழுப்பு வரும். முதல் அறிகுறி எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ நோய் அவ்வளவு கடுமையாக இருக்கும்.

வாய் திறக்காமல் போவதற்கு வேறு காரணங்களும் உண்டு. கடைவாய்ப் பல்லில் சீழ், தாடை மூட்டு வலி, வாந்திக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளின் பக்கவிளைவு ஆகியவை இதே போலத் தோன்றும். டெட்டனஸை உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. மருத்துவரின் கண்ணும் கையும்தான் கருவி. மும்பையின் ஆப்தே, கர்நாட் என்ற இரு மருத்துவர்கள் 1995இல் ஓர் எளிய சோதனையின் மதிப்பை எழுதி வைத்தார்கள். நாக்கை அழுத்தும் தட்டைக் குச்சியால் தொண்டையின் பின்புறத்தைத் தொட்டால் யாருக்கும் ஓங்கரிக்கும், குச்சியை வெளியே தள்ளப் பார்ப்பார்கள். டெட்டனஸ் நோயாளியோ அறியாமலே குச்சியைக் கடித்துக்கொள்வார். சந்தேகத்தோடு வந்த 400 பேரிடம் செய்து பார்த்ததில், நோய் இருந்த 380 பேரில் 359 பேர் கடித்தார்கள். நோய் இல்லாத 20 பேரில் ஒருவரும் கடிக்கவில்லை. ஒரே நகரத்து மருத்துவர்கள் இவ்வளவு பேரைப் பார்த்திருக்கிறார்கள் என்பதே அந்தக் காலத்து இந்தியாவின் நிலையைச் சொல்லும். இது மருத்துவர் செய்யும் சோதனை. வீட்டில் கரண்டிக் காம்பை வைத்துச் செய்து பார்க்கக் கூடாது, அந்தத் தொடுகையே பெரிய இழுப்பைக் கிளப்பிவிடும்.

தாடை இறுகுவதோடு கழுத்தும் விறைத்தாலோ, விழுங்க முடியாமல் போனாலோ, இழுப்பு வந்தாலோ வீட்டில் உள்ளவர்கள் செய்ய வேண்டியது 000 எண்ணை அழைப்பதுதான். ஆம்புலன்ஸ் வரும்வரை விளக்கைக் குறைத்து, பேச்சைக் குறைத்து, அவரைத் தொந்தரவு செய்யாமல் வைத்திருக்க வேண்டும். தண்ணீரோ கஞ்சியோ வாயில் ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். கைகால்களை இறுகப் பிடித்து நீவிவிடுவது அன்பால் செய்வதுதான், ஆனால் தொடுகை ஒவ்வொன்றும் இன்னொரு இழுப்பு. கடந்த 21 நாளுக்குள் ஏதாவது குத்தியதா, எங்கே என்று நினைவுபடுத்தி வைத்துக்கொண்டால் மருத்துவருக்கு உதவும்.

இருட்டறை வாரங்கள்

நரம்புக்குள் ஏறிவிட்ட நஞ்சை எடுக்க இன்றுவரை மருந்தில்லை. சிகிச்சை முழுவதும் இந்த உண்மையைச் சுற்றியே அமைந்திருக்கிறது. இன்னும் இரத்தத்தில் சுற்றும் நஞ்சைப் பிடிக்க, மனித இரத்தத்திலிருந்து எடுத்த டெட்டனஸ் எதிர்ப்புரதம் செலுத்துகிறார்கள். காயத்தைத் திறந்து செத்த தசையை வெட்டி எடுக்கிறார்கள். கிருமியைக் கொல்ல மெட்ரோனிடசோல். இழுப்பை அடக்க டயசெபாம் வகை மருந்துகள். தொண்டைத் தசை இறுகி மூச்சு நிற்கும் ஆபத்து இருப்பதால் பலருக்குத் தொண்டையில் துளையிட்டு மூச்சுக்கருவி பொருத்த வேண்டியிருக்கும். பிறகு காத்திருப்பு. புதிய நரம்பு நுனிகள் முளைக்கும்வரை, நான்கு முதல் ஆறு வாரம், சில சமயம் அதற்கும் மேல்.

மூச்சுக்கருவிகள் போதாத நாட்டில் என்ன செய்வது? கொழும்பு தேசிய மருத்துவமனையில் மயக்கமருந்து நிபுணரான தீப்தி அட்டிகல இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். பேறுகால வலிப்புக்குக் கொடுக்கும் மலிவான மருந்தான மக்னீசியம் சல்பேட்டை டெட்டனஸ் நோயாளிகளுக்குக் கொடுத்து இழுப்பை அடக்க முடியும் என்று 1997இல் சக மருத்துவருடன் எழுதினார். 2002இல் 40 நோயாளிகளின் அனுபவம் வெளியானது. வியட்நாமின் ஹோ சி மின் நகரில் 256 நோயாளிகளிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வு இதைச் சோதித்தது. மூச்சுக்கருவியின் தேவையை மக்னீசியம் குறைக்கவில்லை. ஆனால் இழுப்பை அடக்கத் தேவையான மற்ற மருந்துகளின் அளவும், இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் தாறுமாறாவதும் குறைந்தன. இன்று உலகின் பல தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இந்த மருந்து பயன்படுகிறது. கொழும்பின் ஒரு நெருக்கடியில் பிறந்த யோசனை அது.

வசதி நிறைந்த நாட்டிலும் இந்த நோய் எப்படி இருக்கும் என்பதற்கு அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்துச் சிறுவன் ஒருவனின் கதை போதும். 2017இல், ஆறு வயதில், பண்ணையில் விளையாடும்போது நெற்றியில் வெட்டு. தடுப்பூசி எதுவும் போடாத பிள்ளை. வீட்டிலேயே காயத்தைக் கழுவித் தைத்துவிட்டார்கள். ஆறாம் நாள் தாடை இறுகியது, கைகள் இழுத்தன, மூச்சு முட்டியது. ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். காதை அடைத்து, இருட்டறையில் படுக்கவைத்தார்கள். 57 நாள் மருத்துவமனையில், அதன்பின் மீண்டும் நடக்கப் பழகப் பயிற்சி மையத்தில். செலவு எட்டு லட்சம் டாலருக்கு மேல். பிள்ளை பிழைத்துக்கொண்டான். நல்ல தீவிர சிகிச்சை இருந்தாலும் இந்த நோயில் பத்தில் ஒருவர்வரை இறப்பதுண்டு.

பிழைத்தவருக்கு இனி வராது என்றும் நினைக்கக் கூடாது. ஆளைக் கொல்லும் அளவு நஞ்சுகூட மிக மிக நுண்ணியது. உடலின் எதிர்ப்பாற்றலை எழுப்ப அது போதாது. ஆகவே டெட்டனஸ் வந்து தேறியவருக்கும் முழுச்சுற்றுத் தடுப்பூசி போட வேண்டும்.

காயம் பட்ட அன்று

குழாயைத் திறந்து, ஓடும் நீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். மண், சிராய், முள் ஆகியவை வெளியே வர வேண்டும். இந்த ஒரு வேலையை ஆற அமரச் செய்தாலே ஆபத்து குறையும். மஞ்சள்தூள், காப்பித்தூள், சாம்பல், மண்ணெண்ணெய் எதையும் வைக்க வேண்டாம். நல்லெண்ணத்தோடு காயத்தின் வாயை அடைப்பவை இவை. காற்று புகாத இடத்தையே தேடும் கிருமிக்கு அடைத்த வாய் வசதி. சாணச் சாம்பலில் கிருமியின் வித்தே இருக்கலாம். ஆழமான குத்துக்காயத்தையும், மண்ணோ எருவோ ஏறிய காயத்தையும், கடியையும், தசை நசுங்கியதையும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஒவ்வொரு மாலையும் பாதத்தைப் பார்ப்பது நல்லது; உணர்ச்சி குறைந்த காலில் முள் ஏறியதே தெரியாமல் நாள் கழியும்.

மருத்துவர் ஊசிக் கணக்கைப் பார்ப்பது இப்படித்தான். வாழ்நாளில் மூன்று அல்லது அதற்கு மேல் டெட்டனஸ் ஊசி போட்டிருந்து, கடைசி ஊசி போட்டு ஐந்து ஆண்டு ஆகவில்லை என்றால் எந்தக் காயத்துக்கும் மறு ஊசி தேவையில்லை. ஐந்திலிருந்து பத்து ஆண்டு என்றால், சுத்தமான சிறு காயத்துக்கு வேண்டாம், மற்ற காயங்களுக்கு ஓர் ஊக்க ஊசி. பத்து ஆண்டைத் தாண்டிவிட்டால் எந்தக் காயத்துக்கும் ஊசி. மூன்று ஊசி முடியாதவர்களும் கணக்கே தெரியாதவர்களும் தனி வகை. அவர்களுக்கு எந்தக் காயமானாலும் தடுப்பூசி உண்டு. காயம் அழுக்கானதோ ஆழமானதோ என்றால் எதிர்ப்புரத ஊசியும் சேர்த்துப் போட வேண்டும். உடலின் எதிர்ப்பாற்றல் மிகவும் குறைந்தவர்களுக்கும் அழுக்குக் காயம் என்றால் அது தேவைப்படும்.

இந்த இரண்டு ஊசிக்கும் உள்ள வேறுபாடு பலரைக் குழப்புகிறது. தடுப்பூசி உடலுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது. பலன் தர நாள் எடுக்கும், ஆனால் ஆண்டுக்கணக்கில் நிலைக்கும். எதிர்ப்புரதம் தயார்நிலையில் உள்ள காவல். உடனே வேலை செய்யும், சில வாரங்களில் கரைந்துவிடும். ஆஸ்திரேலியர்கள் தானமாகத் தரும் இரத்தநீர்மத்திலிருந்து அதைத் தயாரிக்கிறார்கள். வழக்கமான அளவு 250 அலகு. காயம் பட்டு 24 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால் 500. பழைய தலைமுறை தமிழ்நாட்டில் ஏ.டி.எஸ். என்று அறிந்திருந்தது குதிரை இரத்தத்திலிருந்து வந்தது. ஒவ்வாமைக்குப் பயந்து சோதித்துப் பார்த்துத்தான் போடுவார்கள். அந்த நினைவில் யாரும் இப்போதைய ஊசிக்கு அஞ்ச வேண்டியதில்லை.

இரண்டு நாள் கழித்து நினைவு வந்தாலும் போக வேண்டும். தாமதமானாலும் ஊசி வீண் அல்ல.

வெள்ளம் வடிந்தபின் வீட்டைச் சுத்தம் செய்யும் நாட்களில் காயங்கள் கூடும். 2004 சுனாமிக்குப் பின் இந்தோனேசியாவின் ஆச்சேயில் ஒரு மாதத்தில் 106 பேருக்கு டெட்டனஸ் வந்து 20 பேர் இறந்தது, சேற்றில் கிடந்த இடிபாடுகளுக்கிடையே பட்ட காயங்களால்தான். 2022இல் ஹாக்ஸ்பரி–நெப்பியன் கரைகளில் வெள்ளம் ஏறியபோது மேற்கு சிட்னியிலிருந்து உதவிக்குப் போனவர்கள் பலர். அப்படிப் போகிறவருக்குத் தடித்த கையுறையும் அடி தடித்த பூட்சும் எவ்வளவு அவசியமோ, நடப்பில் உள்ள ஊசியும் அவ்வளவு அவசியம்.

தொலைந்த அட்டைகள்

இங்கே பிறந்த பிள்ளைகளின் கணக்கு ஒழுங்காக இருக்கும். இரண்டு, நான்கு, ஆறு, பதினெட்டு மாதங்களிலும் நான்கு வயதிலும் தொண்டை அடைப்பான், கக்குவான் தடுப்போடு சேர்ந்த டெட்டனஸ் ஊசி. ஏழாம் வகுப்பில் பள்ளியிலேயே இன்னொன்று. எல்லாம் ஆஸ்திரேலியத் தடுப்பூசிப் பதிவேட்டில் ஏறிவிடும். மெடிகேர் கணக்கு வழியாக யாரும் தம் பதிவைப் பார்க்கலாம். பெற்றோரும் தாத்தா பாட்டியும்தான் கவலைக்குரியவர்கள்.

இந்தியாவும் இலங்கையும் குழந்தைகளுக்கான விரிவான தடுப்பூசித் திட்டத்தை 1978இல் தொடங்கின. அதற்கு முன் பிறந்தவர்கள், குறிப்பாகக் கிராமத்தில் பிறந்தவர்கள், குழந்தைப் பருவ ஊசிகளைப் பெறாமலே வளர்ந்திருக்கலாம். மேற்கத்திய நாடுகளில் டெட்டனஸ் பெரும்பாலும் முதிய பெண்களைத் தாக்குகிறது. அவர்கள் தலைமுறையில் ஆண்களுக்குப் படையில் ஊசி கிடைத்தது, பெண்களுக்குக் கிடைக்கவில்லை. தமிழ்க் குடும்பங்களில் இது தலைகீழாக இருக்க வாய்ப்பு உண்டு. பிள்ளை பெற்ற பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் ஊசி கிடைத்திருக்கும். அறுபதைத் தாண்டிய ஆண்களுக்கு எப்போதோ கால் கிழிந்தபோது போட்ட ஒற்றை டி.டி. மட்டுமே இருக்கும். ஒற்றை ஊசி முழுச்சுற்று ஆகாது. வீட்டில் முதலில் விசாரிக்க வேண்டியது அப்பாவை.

ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கு வேறொரு துயரமும் உண்டு. 1995இல் யாழ்ப்பாணத்தைவிட்டு ஒரே இரவில் வெளியேறியவர்களும், 2009இல் வன்னியில் எல்லாவற்றையும் விட்டு வந்தவர்களும், பிள்ளையின் ஊசி அட்டையைக் காப்பாற்றிக்கொண்டு வந்திருப்பார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அட்டை இல்லை என்று சொல்ல இங்கே யாரும் கூச வேண்டாம். பதிவு இல்லாதவருக்கு ஊசி போடுவதற்கு மருத்துவர்களிடம் தெளிவான முறை இருக்கிறது. அகதிகளாகவும் மனிதாபிமான விசாவிலும் வந்தவர்களுக்கு எந்த வயதிலும், மற்றவர்களுக்கு 20 வயதுக்குள்ளும், விடுபட்ட ஊசிகள் தேசியத் திட்டத்தில் இலவசம். ஆங்கிலத்தில் விளக்கத் தயங்குபவர்கள் 131 450 என்ற எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். மருத்துவரிடமே “தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்” என்றாலும் ஏற்பாடு செய்வார். அட்டை இருப்பவர்கள் அதை எடுத்துக்கொண்டு போனால், வெளிநாட்டில் போட்ட ஊசிகளையும் மருத்துவமனைத் தாதியோ மருத்துவரோ பதிவேட்டில் ஏற்றிவிடுவார்.

பேறுகாலத்துக்குத் துணையாக ஊரிலிருந்து வரும் அம்மாவையும் மாமியாரையும் இங்கே நினைக்க வேண்டும். குழந்தையைக் கையில் வாங்கக் குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன் கக்குவான் ஊசி போடச் சொல்லி வற்புறுத்துகிறார்கள் என்று சிலர் சலித்துக்கொள்வதுண்டு. அந்த ஊசி குழந்தையைக் கக்குவானிலிருந்து காக்கிறது. அதே ஊசியில் டெட்டனஸ் தடுப்பும் இருக்கிறது. தனி டெட்டனஸ் ஊசி ஆஸ்திரேலியாவில் கிடைப்பதில்லை. சுற்றுலா விசாவில் வருபவர்கள் காசு கொடுத்துப் போட வேண்டியிருக்கும். பயணத்துக்கு முன் ஊரிலேயே போட்டு, சீட்டை வாங்கி வருவதும் நல்ல வழி. கர்ப்பிணிகளுக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் 20 வாரத்திலிருந்து இந்த ஊசி இலவசம். 1988இல் உலகம் முழுவதும் 7,87,000 பச்சிளங்குழந்தைகள் தொப்புள்கொடி வழியாக வந்த டெட்டனஸில் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்தது. தாய்க்குப் போடும் ஊசியும் சுத்தமான பிளேடும் சேர்ந்து அதை ஒடுக்கின. தாய்–சேய் டெட்டனஸை ஒழித்த நாடாக இந்தியா 2015இல் அறிவிக்கப்பட்டது.

அடிக்கடி போட்டால் நல்லது என்ற எண்ணமும் சரியில்லை. ஒவ்வொரு சிறு கீறலுக்கும் டி.டி. போட்டுப் பழகியவர்கள், கணக்கு நடப்பில் இருக்கும்போது மீண்டும் கேட்டு வாங்கினால் கை வீங்கிச் சிவந்து வலிப்பதுதான் மிச்சம். வழக்கமான ஊசிக்குப் பின் ஓரிரு நாள் கை வலி, லேசான காய்ச்சல் வரலாம், அது போய்விடும். பெரியவர்களுக்கு 50 வயதிலும் 65 வயதிலும், கடைசி ஊசி போட்டு பத்து ஆண்டு கடந்திருந்தால், ஊக்க ஊசி பரிந்துரைக்கப்படுகிறது. ஊர்ப் பயணத்துக்கு முன்னும் கேட்டுப் பார்க்கலாம். மருத்துவரிடம் நேரம் கிடைக்காவிட்டால் பல மருந்தகங்களில் மருந்தாளுநரே போடுவார்.

கணக்கே இல்லாத பெரியவருக்கான சுற்று சிறியது. இன்று ஓர் ஊசி, நான்கு வாரம் கழித்து ஒன்று, மேலும் நான்கு வாரம் கழித்து மூன்றாவது; அவற்றில் ஒன்று கக்குவான் தடுப்பும் சேர்ந்ததாக இருக்கும். பிறகு பத்து ஆண்டிலும் இருபது ஆண்டிலும் ஒவ்வொன்று. நடுவில் ஊருக்குப் போய் ஆறு மாதம் தங்கி வந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து போடலாம். மூன்றாவது ஊசி முடிந்த அன்று, அது பதிவேட்டில் ஏறிவிட்டதா என்று தாதியிடம் கேட்டு, தேதியைக் கைபேசியிலும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் தொங்கும் நாட்காட்டியிலும் குறித்து வைக்கலாம். அடுத்த முறை முருங்கைக்குக் குழி தோண்டும்போது கையைக் கிழித்துக்கொண்டு போகிறவரிடம் அதே கேள்வி கேட்கப்படும். அவர் சொல்ல வேண்டியது அந்தத் தேதியைத்தான்.